வழிச்செல்வார்க்கு ஒரு காவல்

பிரயாணம் செய்யாத மாந்தர் இக்காலத்தில் அரியர். கல்வியின் பொருட்டும், வேலையின் பொருட்டும், வழிபாட்டின் பொருட்டும், உறவினர் இல்லத்து நன்மை தீமைகளின் பொருட்டும் நாம் ஊர்விட்டு ஊர் சென்றவண்ணம் இருக்கின்றோம். புறப்படுமுன் துணிமணிகளை எடுத்து வைக்கின்றோம், கட்டுச்சோறு கட்டிக்கொள்கின்றோம், பெரியோரிடம் ஆசி பெற்று, முழங்காற்படியிட்டு ஜெபித்து விடைகொள்கின்றோம். இவ்வளவும் செய்கின்ற நாம், வழியில் நமக்கொரு தீங்கு நேருமாயின் நம்மை நம்பியிருப்போர் நிலை யாதாகும் என்னும் ஒரு வினாவை மட்டும் வீட்டு வாயிலிலேயே விட்டுச் செல்கின்றோம். அவ்வினாவை எடுத்து நம் கல்லூரி நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லும்பொருட்டு, அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து நண்பர் அறுவர் எம் விடுதி அறையிற் கூடிக் கைப்பேசி வாயிலாக இரயில் சீட்டு எடுத்தோம். பெயர், வயது, இருக்கை முதலியவற்றைக் குறித்த பின்னர், பிரயாணக் காப்பீடு வேண்டுமா, வேண்டாவா என்று ஒரு வினா தோன்றிற்று. அதன் விலை நாற்பத்தைந்து காசு. அறுவருள் ஐவர் வேண்டா என்பதையே தொட்டனர். “ஊருக்குப் போகும்போது சாவுக் கணக்கு எதற்கு?” என்றார் ஒருவர். “நாற்பத்தைந்து காசுக்கு யார் பத்து இலட்சம் தரப்போகிறார்கள்?” என்று நகைத்தார் மற்றொருவர். “நமக்கு ஜெபம் போதும்” என்றார் மூன்றாமவர். அந்த ஐவருள் யாமும் ஒருவர் என்பதை ஒளியாது கூறுகின்றோம்.

அவ்விரவு யாம் ஏறிய வண்டி திருச்சிராப்பள்ளியையும் இலால்குடியையும் கடந்து, விடியற்காலையில் கல்லகத்தைத் தாண்டி அரியலூரை அணுகிற்று. மருதையாற்றுப் பாலத்தின்மேற் சக்கரங்களின் ஓசை மாறியவுடன், எதிரில் இருந்த எண்பது கடந்த முதியவர் ஒருவர் தோளிற் கிடந்த துண்டை எடுத்து மடியில் இட்டுக் கைகூப்பினார். காரணம் வினவினோம். “இந்த இடந்தான் தம்பி! எங்கள் அண்ணன் பட்டணத்திலிருந்து வந்த வண்டி இங்கேதான் விழுந்தது. அவர் ஊர் வந்து சேரவில்லை” என்றார். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டோம். “பிறகென்ன? அவர் சம்பாத்தியத்தில் நடந்த வீடு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்” என்று கூறிச் சன்னலின் புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் அவரும் பேசிற்றிலர்; யாமும் பேசிற்றிலோம்.

அவர் குறித்த நாள் 1956ஆம் ஆண்டு நவம்பர் 23. அரியலூரும் பெரம்பலூரும் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தன. பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலையில் தோன்றிக் கொள்ளிடத்திற் கலக்கும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. அன்றோ பருவமழையாற் பெருக்கெடுத்து ஓடிற்று. சென்னையினின்று புறப்பட்ட தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூரைக் கடந்து கல்லகத்தை நோக்கிச் செல்லுங்கால், வெள்ளத்தால் நிலைகுலைந்த பாலத்தண்டை தடம்புரண்டது. எஞ்சினும் முற்பகுதிப் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. வைகறையில் துயின்றுகொண்டிருந்த 140க்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியை நம்மிற் பலர் அறிவோம். ஆயின் எவ்வாறு அறிவோம்? அந்நாளில் இரயில்வே அமைச்சராயிருந்த இலால் பகதூர் சாஸ்திரியார், அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்றிலர். அரியலூர் விபத்தின்பின் அவர் மீண்டும் விலகல் கடிதம் அளித்தார், அஃது ஏற்கப்பெற்றது. பொதுவாழ்விற் பொறுப்புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இதனை மேடைதோறும் கேட்கின்றோம். கேட்பது நன்றே. ஆயினும், ஓர் அமைச்சரின் பெருந்தன்மையை நெஞ்சிற் பதித்துக்கொண்ட நாம், மாண்டவர் மனைகளில் அடுத்த திங்கள் அடுப்பெரிந்ததா, பிள்ளைகள் பள்ளி சென்றனரா என்று ஒருநாளேனும் கேட்டோமா? கேட்டிலோம். அம்முதியவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திய கல்விதான் எம்மை அவ்வினாவைக் கேட்கச் செய்தது.

அக்காலத்துச் சட்டம் முற்றும் கண்மூடியிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1890ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டத்தில் 1943ஆம் ஆண்டு சேர்த்த பிரிவொன்று, இரயில் விபத்தில் மாண்டவர்க்கு இழப்பீடு வழங்க வகை செய்தது. ஆனால் ஒருவர்க்கு ரூ.10,000க்கு மேற்படலாகாது என்று எல்லையும் இட்டது. இன்று நடைமுறையிலுள்ள 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் யாருடையதாயினும், விபத்தில் உயிர் நீத்த பிரயாணியின் குடும்பத்திற்கு இழப்பீடு உண்டு. அத்தொகை 2017 ஜனவரி முதல் ரூ.8 இலட்சமாக உயர்த்தப்பெற்றது. முன்பதிவு செய்தவர்க்கும், செய்யாது பொதுப்பெட்டியிற் செல்பவர்க்கும் இவ்வுரிமை ஒன்றே. ஓடும் வண்டியினின்று தவறி வீழ்தல் முதலிய இன்னல்களுக்கும் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தந்துள்ளது. தற்கொலை, குடிமயக்கம், தன் குற்றச்செயல் ஆகியவற்றால் நேர்வனவற்றிற்கு இல்லை. இரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். ஆகவே, பத்து ரூபாய்ச் சீட்டாயினும் அதனை இறங்கும்வரை பேணி வைத்தல் அறிவுடைமையாகும். சீட்டு இல்லாதான் தன் குடும்பத்தின் உரிமையைப் பெரும் வழக்கிற்குள் தள்ளியவன் ஆவான்.

எனினும், தீர்ப்பாயத்தின் வழி வருவது உடனே கையில் வருவதன்று. துயரம் இன்று வருகின்றது. வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் நாளையே வருகின்றன. இவ்விடைவெளியை நிரப்பவும், சட்டம் தருவதோடு மற்றொரு துணையைச் சேர்க்கவும் எழுந்ததே பிரயாணக் காப்பீடு.

இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. இங்கிலாந்து தேசத்தில் இரயில்வண்டிகள் பெருகத் தொடங்கிய நாளிலேயே, 1849ஆம் ஆண்டில், பிரயாணிகளுக்கென்றே ஒரு காப்பீட்டுக் கம்பெனி அலுவல் தொடங்கிற்று. மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒரு பென்னி கொடுத்தால், அப்பிரயாணத்தில் அவன் மாளுமிடத்து அவன் குடும்பத்தார்க்கு 200 பவுன் கிடைக்கும். இன்னும் முற்பட நோக்கின், நம் பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்தினையும், உல்கு வாங்கும் பெருவழியை வில்லேந்திக் காக்கும் வீரரையும் காண்கின்றோம். வழிச்செல்வார் பலரும் சிறிது சிறிது கொடுத்த பொருளால், வழி முழுமைக்கும் காவல் நின்றது. பலர் தந்த சிறுபொருள் ஒருவனுக்கு நேர்ந்த பெருந்துன்பத்தைத் தாங்குமென்னும் கருத்து நம்மவர்க்குப் புதிதன்று.

“நாற்பத்தைந்து காசுக்குப் பத்து இலட்சம் எவ்வாறு?” என்று நகைத்த நண்பர்க்கு விடை கணக்கிலேயே உளது. பத்து இலட்சத்தை நாற்பத்தைந்து காசால் வகுப்பின், இருபத்திரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட பிரயாணிகள் தரும் தொகை ஒருவர் குடும்பத்திற்குச் செல்கின்றது என்பது புலனாகும். இருபத்திரண்டு இலட்சம் பேர் இனிது வீடு சேர்கின்றனர்; ஒருவர் சேர்ந்திலர். வீடு சேர்ந்தவர் யாவரும் ஆளுக்கு அரைரூபாய் போலும் ஒன்றைச் சேராதவர் வீட்டு வாயிலில் வைத்துச் செல்கின்றனர். இதில் மாயமும் இல்லை, தருமமும் இல்லை. இஃதோர் உடன்படிக்கை. விபத்து அரிதாதலாற் கட்டணம் சிறிது. நேர்ந்தால் இழப்புப் பெரிதாதலால் உதவி பெரிது.

இனி, “சாவுக் கணக்கு எதற்கு?” என்ற நண்பர்க்கு வருவோம். புறப்படும் நேரத்தில் தீயதைப் பேசலாகாதென்பது நம் வீடுகளில் வழிவழி வந்த வழக்கம். எம் பாட்டியாரும் அவ்வாறே கூறுவார். ஆயின் அவரே, யாம் ஊர்விட்டுப் புறப்படும்பொழுதெல்லாம், ஒரு நூறு ரூபாய்த் தாளை நான்காக மடித்துக் கைக்குட்டையின் ஓரத்தில் முடிந்து, “இது செலவுக்கு இல்லை, ஆபத்துக்கு” என்று கொடுப்பதும் உண்டு. ஆபத்தென்னும் சொல்லை அவர் கூறியதால் எமக்கு ஆபத்து வந்ததில்லை. அந்த முடிச்சினை ஓர் ஊரார் அனைவரும் சேர்ந்து முடிந்தால், அதுவே காப்பீடாகும். பாட்டியாரின் முடிச்சு மங்கலமாயின், ஊராரின் முடிச்சு எங்ஙனம் அமங்கலமாகும்?

“ஜெபம் போதும்” என்ற மூன்றாம் நண்பரின் சொல்லே எம் நெஞ்சை நெடிது வருத்தியது. ஏனெனின் எம் சொல்லும் அதுவே. கடவுளை நம்புவோன் காப்பீட்டை நாடுவது விசுவாசக் குறைவாமோ? இவ்வினாவிற்கு வேதத்திலேயே விடை தேடினோம். எகிப்து தேசத்தில் யோசேப்பு கடவுள் வெளிப்படுத்தியதை நம்பினான்; நம்பினதனாலேயே ஏழாண்டு தானியம் சேர்த்து வைத்தான். எரிகோவுக்குச் செல்லும் வழியிற் கள்வர் கையிற் பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவன் கதையை நாம் ஞாயிறு பள்ளிப் பருவமுதல் கேட்டு வருகின்றோம். அவனும் ஒரு பிரயாணியே. அவனைக் கண்டு விலகிச் சென்ற இருவர் ஜெபிக்கத் தெரியாதவரல்லர், ஆலயத்திற்குரியவர். சமாரியனோ காயங்களைக் கட்டியதோடு நின்றானல்லன். சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தானே ஏற்பதாக வாக்களித்தான். முகமறியா வழிப்போக்கனின் மருத்துவச் செலவிற்கு முன்னதாகவே ஏற்பாடு செய்தான் என்பதன்றோ அக்கதையின் முடிவு? யாம் கொடாத அந்த நாற்பத்தைந்து காசு எம்பொருட்டு மட்டும் அன்று. அடுத்த பெட்டியில் இருக்கும் முகமறியாதவன் பொருட்டும் ஆகும். ஒருவர் சுமையை மற்றவர் தாங்குதல் வேண்டுமென்று கலாத்தியர்க்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதியதை நாம் அறிவோம். அதனை இரயில் சீட்டிலும் நிறைவேற்ற வழியுளதெனின், அதனை விசுவாசக் குறைவென்று தள்ளுதல் தகுமோ?

நம் வட்டாரத்திலேயே, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், அடைக்கல மாதாவிற்குக் கோயிலெடுத்த வீரமாமுனிவர் அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடினார். இத்தாலி தேசத்தினின்று கடல்கடந்து வந்த அப்பெரியார், வழியின் இன்னல்களைப் பிறர் சொல்லக் கேட்டறிந்தவரல்லர். அடைக்கலம், காவல் ஆகிய இரண்டும் ஓரூரின் பெயர்களில் உடனுறைவது போல, ஜெபமும் முன்னேற்பாடும் ஒரு நெஞ்சில் உடனுறையக் கூடும்.

மற்றொரு மறுப்பும் உண்டு. கம்பெனிகள் வாங்கும்பொழுது இனிக்கப் பேசிக் கொடுக்கும்பொழுது கைவிரிக்கும் என்பர். இதில் உண்மை இல்லையென்று யாம் சாதிக்கப் புகவில்லை. பாலிசியின் நிபந்தனைகளைப் படியாமல் வாங்கினவரும், உள்ள நோயை மறைத்து வாங்கினவரும், நாமினி பெயரை எழுதாது விட்டவரும் ஏமாற்றம் அடைகின்றனர்; குற்றமின்றியே அலைக்கழிக்கப்படுவோரும் உளர். அதற்குப் பரிகாரம் வாங்காதிருத்தலன்று; அறிந்து வாங்குதலே. பரிசில் பெற்று மீளும் புலவன் எதிர்ப்பட்ட மற்றொருவனை வழிப்படுத்துதலை ஆற்றுப்படை என்று நம் முன்னோர் வகுத்தனர். யாம் பரிசில் பெற்றவரல்லேம். ஆயினும் ஒரு தவற்றினின்று மீண்டவராதலின், கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டு எம்மை ஒத்த வழிச்செல்வாரை ஆற்றுப்படுத்த முயல்வோம்.

முதற்கண் இரயில் பிரயாணம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திற் சீட்டெடுப்போர்க்கு இக்காப்பீடு 2016 செப்டம்பரில் 92 காசுக்குத் தொடங்கப்பெற்றுப் பின்னர் 45 காசாயிற்று. மரணத்திற்கும் நிரந்தர முழு ஊனத்திற்கும் ரூ.10 இலட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு ரூ.7.5 இலட்சமும், காயமுற்று மருத்துவமனையிற் சேர்ந்தால் ரூ.2 இலட்சம் வரையும், உடலை ஊர் சேர்க்க ரூ.10,000மும் இதனாற் கிடைக்கும். வேண்டும் என்பதைத் தொட்டவுடன் வேலை முடிந்ததென்று எண்ணுதல் பிழை. சீட்டுப் பதிவானபின் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு செய்தி வரும். அதிற் குறித்த பக்கத்தைத் திறந்து நாமினியின் பெயரை எழுதுதல் வேண்டும். பெரும்பாலோர் இதனை விளம்பரமென்று அழித்துவிடுகின்றனர். பெயர் எழுதாதவிடத்து, சட்டப்படி வாரிசு யாரென்று நிறுவும் அலைச்சல், அழுதுகொண்டிருக்கும் தாயின் தலையில் விழும். பாலிசி எண்ணை வீட்டில் ஒருவர்க்கேனும் அனுப்பி வைத்தல் நன்று.

இரண்டாவது, சாலைப் பிரயாணம். பெரம்பலூர் நகருக்கு இரயில்பாதை இல்லை. அந்நகரார் இரயிலேற வேண்டின், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொண்டு அரியலூர் வரவேண்டும். அன்றித் திருச்சிராப்பள்ளி செல்லும் தேசிய நெடுஞ்சாலையைப் பற்றவேண்டும். பேருந்துச் சீட்டோடு காப்பீடு கேட்பார் இலர். இத்தகையோர்க்கு ஏற்றது, 2015ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயதுடையோர், வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்குடையோர், ஆண்டுக்கு ரூ.20 கட்டி இதிற் சேரலாம். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேரின் ரூ.2 இலட்சமும், பகுதி ஊனம் நேரின் ரூ.1 இலட்சமும் உண்டு. ஜூன் முதல் மே வரை ஓராண்டாகக் கணக்கிடப்படும்; தொகை கணக்கினின்று தானே கழிக்கப்படும். அந்நாளிற் கணக்கில் இருபது ரூபாய் இல்லையாயிற் காவலும் இல்லையாகும். நம் மாணவருட் பலர் பதினெட்டைக் கடந்தவர். உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கும் உடையவர். ஒரு தேநீரும் வடையும் கொள்ளும் விலையில் ஓராண்டுக் காவலைப் பெறலாம்.

மூன்றாவது, கடல்கடந்த பிரயாணம். பெரம்பலூர் மாவட்டத்து இலப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போர் பலர். குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்லவேண்டிய தொழிலாளர்க்கு, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டை 2003ஆம் ஆண்டு அரசாங்கம் கட்டாயமாக்கிற்று. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டாண்டுக்கு ரூ.275, மூன்றாண்டுக்கு ரூ.375 என்னும் பிரீமியத்தில், விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் ரூ.10 இலட்சம் உறுதி செய்யப்படுகின்றது. சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பும் தரகர் சொல்லைக் கேட்டுச் செல்வோர், வேலையின் உறுதியை மட்டுமன்றி இந்தக் காவலையும் இழக்கின்றனர். படிப்பறிந்த நாம் நம் ஊரில் வளைகுடா புறப்படும் அண்ணன்மார்க்கு இதனை எடுத்துச் சொல்லுதல் கடமையாகும்.

மேற்படிப்பின் பொருட்டோ உறவினரைக் காணும் பொருட்டோ அயல்நாடு செல்வோர்க்குக் காப்பீட்டுக் கம்பெனிகள் தனிப் பாலிசிகள் விற்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டுவோர், குறைந்தது 30,000 யூரோ அளவிற்கு மருத்துவக் காப்பீடு காட்டினாலன்றி விசா பெறார். அத்தகைய கட்டாயம் இல்லாத நாடுகளிலும் மருத்துவச் செலவு நம் கற்பனைக்கு அப்பாற்பட்டது. வாங்குவோர் நோக்க வேண்டியவை சில: பிரயாணச் சீட்டெடுத்தவுடனே வாங்குக, ஏனெனிற் பிரயாணம் தடைப்படின் கிடைக்கும் ஈடு அன்று தொட்டே பயன் தரும். நாட்டைவிட்டுப் புறப்பட்டபின் வாங்க எண்ணற்க. செல்லும் நாள்முதல் மீளும் நாள்வரை ஒருநாளும் விடாது கணக்கிடுக. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலாக முன்னரே உள்ள நோய்களை மறையாது எழுதுக. எவை எவற்றிற்கு ஈடு இல்லை என்னும் பகுதியை முதலிற் படிக்க. எவற்றிற்கு உண்டென்பதைப் பின்னர்ப் படிக்க. நம் கைப்பொறுப்பாக முதலிற் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவென்று கேட்டறிக. அவசர காலத்தில் அழைக்கும் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதிப் பையில் வைக்க. கைப்பேசியே காணாமற் போதலும் உண்டன்றோ?

இம்மூவகைக்கும் பொதுவான மூன்று விதிகள் உள. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு பெற்ற கம்பெனியிடமே வாங்குதல் ஒன்று. இன்னல் நேர்ந்தவுடன் கம்பெனிக்குத் தெரிவித்து, மருத்துவமனைச் சீட்டுகளையும் காவல்துறை அறிக்கையையும் ஒன்றுவிடாது சேர்த்து வைத்தல் இரண்டு. தனிமனிதர் வாங்கிய பாலிசியிற் கம்பெனி மறுத்தாலும், ஒரு மாதம் வாளாவிருந்தாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடுதல் மூன்று. இம்மூன்றையும் அறிந்தவனை ஏமாற்றுதல் எளிதன்று.

ஆற்றுப்படை இங்கு முடிந்தது. ஆயினும் ஒரு குறையை எடுத்துரையாது இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று. இரயில்வண்டியின் பத்து இலட்சக் காப்பீடு, இணையவழிச் சீட்டெடுப்போர்க்கே உரியதாய் அமைந்தது. அரியலூர் நிலையத்துச் சன்னலின்முன் வரிசையில் நின்று பொதுப்பெட்டிக்குச் சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளியிடம் ‘வேண்டுமா, வேண்டாவா?’ என்று கேட்பார் இல்லை. 2023 ஜூன் 2ஆம் நாள், ஒடிசா மாநிலத்துப் பாலசோர் அருகே, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளாகி 290க்கு மேற்பட்டோர் மாண்டபோது, முன்பதிவில்லாப் பெட்டிகளிற் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் பலர் இருந்தனர். எவன் வீழ்ந்தால் அவன் குடும்பம் எழ இயலாதோ, அவனுக்கே இக்காவல் எட்டாதிருத்தல் முறையாகுமோ? அரைரூபாயைச் சீட்டு விலையிலேயே சேர்த்து, எல்லாப் பிரயாணிகளுக்கும் இதனைப் பொதுவாக்குதல் அரசாங்கத்திற்கு அரிய செயலன்று. 1849இல் இங்கிலாந்தின் மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கு ஒரு பென்னியிற் கிடைத்தது, இன்று நம் பொதுப்பெட்டிப் பிரயாணிக்குக் கிடைத்தலாகாதோ?

பிறரைக் கேட்குமுன் நம்மை நாம் கேட்டுக்கொள்வோம். ஆண்டுதோறும் நம் கல்லூரித் துறைகள் கல்விச் சுற்றுலா செல்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தார் சிற்றூர்களில் முகாம் அமைக்கின்றனர். கிறிஸ்தவ மாணவர் சங்கத்தார் கோடைக் கூட்டங்களுக்குச் செல்கின்றனர். பேருந்துக் கட்டணமும் உணவுக் கட்டணமும் கணக்கிடும் பட்டியலிற் காப்பீட்டிற்கு ஒரு வரி இருத்தல் வேண்டும் என்று மாணவர் மன்றத்தாரையும் ஆசிரியப் பெருமக்களையும் வேண்டிக்கொள்கின்றோம். ஒருவன் தனித்து வாங்குவதினும் நாற்பதின்மர் கூடிக் குழுவாக வாங்குதல் எளிது. விடுமுறைக்கு முன்னாளில், சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சுரக்ஷா பீமாவில் சேராதவரைச் சேர்த்தலும், நாமினி பெயர் எழுதாதவரை எழுதச் செய்தலும் பெரும்பணியாகும். பழைய மாணவர்களுள் வங்கிகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் பணியாற்றுவோர் பலர். அவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து ஐயங்களைத் தீர்ப்பாராயின், தாம் பயின்ற கல்லூரிக்கு நன்றி செலுத்தியவராவர்.

பொருள் உயிரை ஈடு செய்யாது. தமையனை இழந்த அம்முதியவர்க்குப் பத்து இலட்சம் வந்திருப்பினும், அண்ணன் வந்திருக்கமாட்டார். மருதையாற்றுப் பாலத்தில் அவர் கை கூப்பாதிருக்கவும் மாட்டார். ஆனால் அவர் ஒன்பதாம் வகுப்பிற்குச் சென்றிருப்பார். துயரத்தைத் துடைக்க நம்மால் ஆகாது. துயரத்தோடு வறுமையும் ஒருங்கே ஒரு வீட்டினுள் நுழையாமற் கதவடைக்க ஆகும்.

ஈஸ்டர் விடுமுறைக்கு மீண்டும் அவ்வழியே ஊர் சென்றோம். அறையிற் கூடிய அறுவரும் இம்முறை வேண்டும் என்பதையே தொட்டோம். வந்த செய்தியை அழியாது, எம் அன்னையார் பெயரை நாமினியாக எழுதினோம். பின்னர் விளக்கணைத்து, வழக்கம்போல் முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். அன்றைய ஜெபம் முன்னையதிற் குறைந்ததாக எமக்குத் தோன்றவில்லை. நண்பர்களும் அவ்வாறே செய்து, நலமே சென்று நலமே மீள்வாராக.